மாலையும் மரக்காலும்

பரிசு கொடுத்தாராம் முதலாளி! பத்திரிகையிலே படம் வருகிறது. பார்த்தவர் வாய் பிளக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு சென்னையில் கணினி நிறுவனம் ஒன்று ஊழியர் நூறு பேருக்குக் கார் கொடுத்தது. 2023 தீபாவளிக்குக் கோத்தகிரித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் சிலருக்கு மோட்டார் சைக்கிள் கிடைத்தது. அவ்வளவு வசதியில்லாதவர் கைக்கடிகாரம் தருகிறார். அதுவும் இயலாதவர் எவர்சில்வர் டப்பாவிலே இனிப்பு தருகிறார். "நன்றாக உழைத்தவனுக்கு நாலு பேர் முன்னால் ஒரு பரிசு. நல்லதுதானே?" என்று தோழர்கள் நம்மைக் கேட்கிறார்கள்.

நல்லதுதான்! திறமைக்குத் தலை வணங்குவது தமிழன் பண்பு. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, மாலையைப் பார்க்கிறபோது மரக்காலையும் பாருங்கள். மாலை மரியாதை, மரக்கால் கூலி. மாலை பெருக்கும்போது மரக்கால் சிறுக்கிறதா என்று பார்ப்பதுதான் பாட்டாளியின் கணக்கு.

பூம்புகாருக்கு வாருங்கள். காவிரி கடலோடு கலக்கும் அந்த ஊரிலேதான் 1973ஆம் ஆண்டு கழக ஆட்சி சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை எழுப்பியது. அந்தச் சிலம்பு சொல்லும் பரிசு என்ன? ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதிலே சோழன் அவையில் ஆடினாள் மாதவி. தலைக்கோல் பட்டம் பெற்றாள். 1008 கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் பெற்றாள். மன்னன் மனம் போனபடி அள்ளி வீசியதல்ல அது. இத்திறத்துக்கு இவ்வளவு என்று முறை வகுத்துக் கொடுத்தது. அதுவரை சரி. பிறகு? அதே மாலையைக் கூனி ஒருத்தி கடைத்தெருவுக்கு எடுத்துச் சென்றாள். இதை வாங்குகிறவனுக்கு மாதவி சொந்தம் என்றாள். வாங்கினான் கோவலன். காலை மாற்றி ஆடிய கலைக்குக் கிடைத்த பரிசு, கடைத்தெருவிலே அந்தச் சிறுமிக்கே விலையாயிற்று!

இன்னொன்றும் பாருங்கள். யாழ் மீட்டியவன், குழல் ஊதியவன், மத்தளம் கொட்டியவன், பாட்டு எழுதியவன், ஆட்டம் சொல்லிக் கொடுத்தவன் - இவர்கள் சிறப்பையெல்லாம் இளங்கோ விரித்துரைக்கிறார். ஆனால் மாலை விழுந்த கழுத்து ஒன்றே ஒன்று.

புகாரை விட்டு வயலுக்குள் இறங்குவோம். தஞ்சைத் தரணியிலே பண்ணையாளுக்கும் பரிசு உண்டு. பொங்கலுக்கு வேட்டி துண்டு. களத்திலே களவடி நெல். "என் ஆளுக்கு நான் குறை வைத்ததில்லை" என்பார் மிராசுதார். வேட்டி கொடுத்த அதே கைதான் சாட்டையும் பிடித்தது, சாணிப்பாலும் கரைத்தது. பண்ணையிலே 'நல்ல ஆள்' என்றால் நன்றாக நடவு நட்டவன் என்று பொருளல்ல. நாக்கை அடக்கியவன் என்றே பொருள். 1952ஆம் ஆண்டு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே, ஏன்? வேட்டி போதாது என்பதால்தானே?

வேட்டி கொடுப்பது பண்ணைக்கு வலிக்கவில்லை. மரக்காலைக் கூட்டு என்றபோதுதான் வலித்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியிலே 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் வெந்து மடிந்தன. அவர்கள் கேட்டது கார் அல்ல, கடிகாரம் அல்ல. கூடுதலாகக் கொஞ்சம் நெல், கூடி நிற்க ஒரு சங்கம். அன்று ஆட்சியில் இருந்தது நம் கழகம்தான். அந்த வேதனையை நாம் மறைக்கவில்லை, மறக்கவும் கூடாது. 1969ஆம் ஆண்டு வந்த நியாயக் கூலிச் சட்டம் அந்தச் சாம்பலிலிருந்து எழுந்ததுதான்.

ஆலைத் தொழிலாளியின் கதையும் இதுதான். 1917ஆம் ஆண்டு, போர்க்கால இலாபம் குவிந்தபோது, பம்பாய் ஆலை முதலாளிகள் போனஸ் கொடுத்தார்கள். 1924ஆம் ஆண்டு அது கிடைக்காதபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். "இது உரிமை அல்ல" என்றது விசாரணைக் குழு. ஓய்ந்தார்களா? இல்லை! 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டமே வந்தது. குறைந்த அளவு 8.33 விழுக்காடு என்று பிறகு வரையறுக்கப்பட்டது. இனாமாக வந்ததை உரிமையாக்கியவன் தொழிலாளி. அந்த உரிமையை மறுபடியும் இனாமாக்கி, இனிப்பு டப்பாவுக்குள் மூடப் பார்க்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம்! நாள் கூலிக்கு நடவு நடும் தாய்க்கோ அந்த 8.33கூட இன்னும் கனவு.

ஆகவே பரிசு தரும் பெரியோரை மூன்று கேள்வி கேட்போம். முழுக் கூலி கொடுத்தாயிற்றா? எந்த வேலைக்கு எந்தப் பரிசு என்று எல்லோரும் அறிய எழுதி வைத்தாயிற்றா? ஒருவனுக்கு மாலை போட்டு, ஒன்பது பேரை அவனுக்குப் பகையாக்குகிறாயா, அல்லது சேர்ந்து உழைத்தவர் சேர்ந்து மகிழப் பகிர்கிறாயா? மூன்றுக்கும் நேர்மையான விடை வருமானால் அந்தப் பரிசு சின்னஞ்சிறு பேனாவாயினும் பெரும் பரிசு. விடை வராவிட்டால் காரே ஆனாலும் அது கண்கட்டு வித்தை.

பிறரைக் கேட்கும் நாம் நம் மேடையையும் கேட்க வேண்டும். வந்த தலைவருக்கு வரிசையாகப் பொன்னாடை போர்த்துகிறோம். விடிய விடியப் பசை வாளி சுமந்து சுவரொட்டி ஒட்டிய தோழன் கூட்டத்தின் கடைசியிலே நிற்கிறான். அவன் பெயரை ஒலிபெருக்கியில் ஒருமுறை சொல்ல எவ்வளவு செலவு? அவனுக்கு ஒலிபெருக்கிக்காரர் பெறும் அளவுக்காவது கூலி கொடுத்தோமா?

மாலை வேண்டும், மறுக்கவில்லை. முதலில் மரக்கால் நிறையட்டும். நிறைந்த மரக்காலின் மேல் வைத்த மாலைதான் மணக்கும்!