கியர்பாக்ஸைப் பிரிக்காதீர்கள்

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சண்டை என்று எடுத்துக்கொண்டாலும் சரி. ஸ்டியரிங் கியரைக் கழற்றிவிட்டுத் தரை கியர் மாற்றிய வண்டியில் கியர் விழவில்லை என்றால், எவ்வளவு பெரிய மெக்கானிக் சொன்னாலும் கியர்பாக்ஸைப் பிரிக்க விடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியதெல்லாம் அதற்கு வெளியே இருக்கிறது.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதற்குள் ஒரு கியர்பாக்ஸை இரண்டு தடவை பிரித்து மாட்டியாயிற்று. வால்பாறை மலைப்பாதையில் ஒரு சாயங்காலமும் போயிற்று.

வண்டி அப்பாவுடையது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், நாலு கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி நின்ற பிறகு போடணும், இல்லாவிட்டால் டபுள் கிளட்ச் போடத் தெரிந்திருக்கணும். அப்பாவுக்குத் தெரியும், எனக்கு வரவில்லை. போதாததற்கு ஸ்டியரிங் கம்பி எந்தக் கியரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே தனி ஞானம் வேண்டும் என்கிற அளவுக்கு லொடலொடத்துப் போயிருந்தது. 1990களில் இசுசு 1.8 எஞ்சினோடு வந்த அம்பாசடரில் ஐந்து கியர், அதுவும் தரையில். அப்படி ஒரு வண்டி உடைப்புக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு கியர்பாக்ஸை மட்டும் வாங்கினேன். எஞ்சின் பழையதே. இரண்டையும் சேர்க்க லேத்தில் கடைந்த ஒரு அடாப்டர் பிளேட். கோயமுத்தூர்க்காரனுக்கு லேத் கிடைப்பது பெரிய விஷயமா?

மாற்றிய நாளிலிருந்தே தகராறு. முதல் கியரும் ரிவர்சும் நறநறவென்று கடிக்கும். ரெண்டாவது விழாது. மூன்றாவது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் தானாகவே வெளியே வந்துவிடும். பட்டறைக்காரர் சொன்ன பதில் இது: "பழைய வண்டின்னா அப்பிடித்தானுங்க சார். ஓட்ட ஓட்டக் கை பழகிக்கும்."

இந்த வாக்கியத்தின் மேல்தான் என் கோபம் முழுவதும். பழைய வண்டி என்பதற்காக உலோகம் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. அப்பா காலத்தில் அந்த வண்டி புதுசாக இருந்தபோது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. இப்போது விழவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை அளவெடுத்துக் கண்டுபிடிக்கலாம். அளவெடுக்கச் சோம்பல்பட்டவன் சொல்கிற சமாதானம்தான் "அப்பிடித்தானுங்க".

கை பழகவில்லை. கியர்பாக்ஸைப் பிரித்தார்கள். சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது என்று புது வளையங்கள் போட்டார்கள். ஒரு மாசம் தேவலை, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி பிரித்தார்கள், மறுபடி வளையம். ஏன் தேய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சத்தியமாக நானும் கேட்கவில்லை.

அந்த நிலையில்தான் வால்பாறைக்குப் போனோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிவிட்டோம். இறங்கும்போது ஒரு வளைவுக்கு முன்னால் மூன்றாவதிலிருந்து ரெண்டாவதுக்கு மாற்றப் போனேன். ரெண்டாவது விழவில்லை, திரும்ப மூன்றாவதும் விழவில்லை. நியூட்ரலில் வண்டி தானாக வேகமெடுக்கிறது, பிரேக் லைனிங் கருகும் வாசனை வருகிறது, பின் சீட்டில் அம்மா. ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்து மலைப்பக்கச் சுவரோரம் நிறுத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவும் இல்லை.

அடுத்த வாரம், ரெண்டு நிமிஷத்தில் முடிகிற ஒரு சோதனையை முதல் தடவையாகச் செய்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தேன். அத்தனையும் அழகாக விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்து, பத்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டேன். கடித்தது. விஷயம் இவ்வளவுதான். எஞ்சின் நின்றிருக்கும்போது விழுகிற கியர் ஓடும்போது விழவில்லை என்றால், கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். பாவம் அந்த சிங்க்ரோ வளையம். சுற்றி ஓய்ந்துகொண்டிருக்கும் ஒரு தண்டை வேகம் குறைத்துச் சமன்செய்வதுதான் அதன் வேலை. நாங்களோ ஓடுகிற எஞ்சினையே பிடித்து நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தோம். தேயாமல் என்ன செய்யும்?

கிளட்ச் ஏன் விடவில்லை? மாற்றும்போது மாஸ்டர் சிலிண்டர் பழையது, கீழே ஸ்லேவ் சிலிண்டர் மட்டும் புதுசு. மாஸ்டரின் உள்விட்டம் 16 மி.மீ. ஸ்லேவ் 19 ஆக இருந்தால், மாஸ்டர் 25 மி.மீ. நகரும்போது அது சுமார் 18 மி.மீ. நகரும். எங்கள் வண்டியில் மாட்டியிருந்தது 22. அது வெறும் 13 மி.மீ.தான் நகரும். பள்ளிக்கூடத்தில் படித்த வட்டத்தின் பரப்பளவுக் கணக்குதான் இது. "பெரிசு போட்டா ஸ்ட்ராங்குங்க" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். மிதிக்க லேசாக இருந்ததால் நானும் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ஸ்லேவை மாற்றியதும் முக்கால்வாசி சரியாயிற்று. ஆனால் எஞ்சின் சூடானால் மறுபடி கடித்தது. இப்போது கியர்பாக்ஸை இறக்கினோம், பிரிக்கவில்லை. கிராங்க் ஷாஃப்டின் பின் முனையில் ஒரு பித்தளை ஸ்பிகாட் புஷ் உண்டு. கியர்பாக்ஸ் தண்டின் மூக்கு அதற்குள் உட்கார்ந்து தனியாகச் சுற்ற வேண்டும். புஷ் ஒரு பக்கமாக இறுகி, நீலம் பாரித்திருந்தது. அது தண்டைப் பிடித்துக்கொண்டால் கிளட்ச்சை எவ்வளவு மிதித்தாலும் தண்டு எஞ்சினோடு சேர்ந்து சுற்றும்.

ஃப்ளைவீலில் டயல் கேஜை மாட்டி, பெல் ஹவுசிங் ஓட்டையின் உள்விளிம்பைச் சுற்றி வந்து பார்த்தோம். முள் முக்கால் மில்லிமீட்டர் ஆடியது. பொதுவாக ஒப்புக்கொள்கிற அளவு அதில் ஆறில் ஒரு பங்கு. அடாப்டர் பிளேட்டில் டவல் பின்னே இல்லை! போல்ட்டை மட்டும் நம்பி மாட்டியிருக்கிறார்கள். போல்ட் இறுக்குவதற்கு. மையத்தில் நிறுத்துவதற்கு டவல் பின். லேத்தில் முதல் வருஷம் வேலை பழகும் பையனுக்குக்கூட இது தெரியும். மையம் பார்த்து பின் அடித்து, புது புஷ் போட்டதும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

மூன்றாவது கியர் வெளியே வந்ததற்கான காரணத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. காலை எடுத்தால் எஞ்சின் தன் ரப்பர்களின் மேல் லேசாக ஆடும். அப்போது கியர் கம்பி தரைத் தகட்டு ஓட்டையின் விளிம்பில் இடிக்கும். விளிம்பு கம்பியை நியூட்ரலுக்குத் தள்ளும். அரம் எடுத்துப் பத்து நிமிஷம் ராவினேன்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் போய் "தொண்ணூறு ஆயில் குடுங்க" என்று வாங்கி ஊற்றாதீர்கள். அம்பாசடர் எஞ்சினுக்கு உறவுக்காரியான எம்ஜிபி காரின் கியர்பாக்ஸுக்குக் கம்பெனி சொன்னதே எஞ்சின் ஆயில்தான். வண்டி பின்பாகத்துக்கான எண்ணெயைச் சில கியர்பாக்ஸில் விட்டால் சிங்க்ரோவுக்குப் பிடிமானமே போய்விடும். அந்தந்தப் பெட்டியின் புத்தகத்தைப் பாருங்கள்.

"ஒரிஜினலை ஏன் மாத்தினீங்க, உங்களுக்கு வேணும்" என்று சொல்லும் பழைய கார் பக்தர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. சேலம் சாலையில் ஐந்தாவது கியரில் அந்தக் கிழட்டு எஞ்சின் முனகாமல் போவதைக் கேட்டவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். மாற்றியது தப்பில்லை. பாதியில் விட்டதுதான் தப்பு.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. போன மாசம் பரணில் கிடந்த பழைய ஸ்டியரிங் கியர் கம்பிகளை எடுத்துப் பார்த்தேன். மூட்டுகளில் இருந்த புஷ்கள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. அந்த லொடலொடப்புக்கு அவைதான் காரணம். நான்கைந்து சின்னப் புஷ்கள். அப்பா இருந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாற்றியிருப்பார்.

பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் இப்போது தன் வண்டிக்குத் தரை கியர் போடணும் என்று வந்து நிற்கிறார். "அண்ணா, பிளேட் எங்க கடையறது?" என்று கேட்டார். முதலில் வண்டிக்கடியில் படுத்து, அந்தக் கம்பிகளைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.