இருதய சிகிச்சையும் இரவுப் பிரமையும்

கரிக்கலாம்பாக்கத்தில் எழுபது பிராயம் கடந்த குடியானவர் ஒருவரை மனத்தில் கொள்வோம். அவ்வூர்ச் சமுதாய நல மையத்தில் நெஞ்சுவலிக்குக் காட்டியவர், பட்டணத்து வைத்தியசாலையில் இருதய சத்திர சிகிச்சை செய்துகொள்கிறார். சிகிச்சை நன்றாகவே முடிகிறது. இரண்டாம் நாள் இரவில், மாட்டை அவிழ்த்து விட்டவன் யாரென்று கூவி, மார்பிலுள்ள குழாயைப் பிடுங்க எத்தனிக்கிறார். கைகளைக் கட்டுகிறார்கள். வீட்டார் புத்தி பேதலித்துவிட்டதென்று அஞ்சி, வெளியில் சொல்லவும் கூசுகின்றனர்.

இது பைத்தியமன்று. ஜன்னி கண்டவர் போல் பிதற்றுகிறார் என்று நம்மவர் சொல்லும் நிலை. டாக்டர்கள் டெலிரியம் என்பர். இருதய சத்திர சிகிச்சைக்குப் பின் முதியோரில் ஐவரில் ஒருவருக்கேனும் இது நேர்வதாகப் பல கணக்குகள் கூறுகின்றன. கூச்சலிடாமல் வெறித்துக் கிடப்போரும் உண்டு. அவர்களை ஒருவரும் கவனிப்பதில்லை. பிரமை கண்டவர் வைத்தியசாலையில் நெடுநாள் தங்க நேர்கிறது. சிலருக்கு ஞாபக சக்தியும் பின்னர் குன்றுகிறது.

இதைத் தடுக்க ஊசி உண்டா? 2018-ல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை வைத்தியர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, ஹாலோபெரிடால் முதலிய மருந்துகளை இதன் தடுப்புக்குக் கொடுக்கலாகாதென்று கருதிற்று. மருந்தில்லாப் பராமரிப்பு முறைகளைச் சேர்த்துக் கையாளுமாறு கூறிற்று. அம்முறைகள் யாவை? மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் திருப்பிக் கொடுப்பது. கண்ணுக்கெதிரே கடிகாரமும் தேதியும் வைப்பது. பகலில் ஜன்னலைத் திறந்து, இரவில் விளக்கையும் சந்தடியையும் அடக்குவது. வேண்டாத குழாய்களைச் சீக்கிரம் எடுத்து, உட்கார வைத்து நடக்கப் பழக்குவது. இவ்வகை ஏற்பாடுகளை டாக்டர் ஷாரன் இனோயே என்னும் அம்மையாரும் அவர் சகாக்களும் யேல் சர்வகலாசாலையைச் சார்ந்த வைத்தியசாலையில் 852 முதியோரிடம் சோதித்தனர். சாதாரண நோயாளரிடம் நூற்றுக்கு 15 ஆக இருந்த பிரமை, ஏற்பாடு பெற்றோரிடம் 10க்குச் சற்றுக் குறைவாக இருந்ததென்று 1999-ல் வெளியிட்டனர். அவர்கள் சத்திர சிகிச்சை நோயாளரல்லர். ஆயினும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே.

நாம் முக்கியமாகக் கேட்பது சொந்த மனிதர் ஒருவரை. தம் மொழியில், தம்மை “அப்பா” என்றழைக்கும் குரலைக் கேட்காத கிழவருக்கு இரவேது, பகலேது? உறவினரை விட்டால் கிருமி புகும் என்று மறுப்பார்கள். அந்த வாதத்துக்குச் சாட்சியம் போதாது. பிரேசிலில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உறவினரை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரை அனுமதித்துப் பார்த்தனர். 2019-ல் வெளிவந்த முடிவில் தொற்று அதிகப்படவில்லை. பிரமையும் அதனால் மட்டும் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை என்பதை மறைக்க மாட்டோம். ஆதலால் உறவினர் சும்மா உட்கார்ந்தால் போதாது. கண்ணாடியை மாட்டிவிட, நாளையும் இடத்தையும் சொல்ல, நடக்கத் துணை நிற்க அவருக்குச் சொல்லித்தர வேண்டும். ஒரு நர்ஸின் தலையில் இத்தனையும் சுமத்துவது நியாயமுமன்று.

1823-ல் பிரெஞ்சுக்காரர் ஸ்தாபித்த வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் முதல், புதுவையில் இருதய சிகிச்சை செய்யும் வைத்தியசாலைகள் யாவும் இதற்கு எழுத்து மூலமான விதி செய்ய வேண்டும். கிராம நல மையங்களோ, நோயாளியை அனுப்பும் சீட்டிலேயே அவர் காது மந்தமா, கண்ணாடி உண்டா, உடனிருப்பவர் யார் என்று எழுதியனுப்பட்டும். இதற்குச் செலவு ஒரு வரி மை.