கல்விக்கடனும் நம் கடமையும்

தேசவழமையில் ஒற்றி என்றொரு முறை உண்டு. கடன் கொடுத்தவர் காணியின் விளைவை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பர். முதலைக் கொடுத்ததும் காணி உடையவரைச் சேரும். மைந்தரின் படிப்பிற்காகத் தோட்டக் காணியை இவ்வாறு ஒற்றிவைத்த தந்தையர் நம் குடாநாட்டிற் பலராவர். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் அச்சுமை வெகுவாகக் குறைந்தது.

ஆயின் முற்றாக நீங்கவில்லை. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் பெறாதோர்க்கென 2017இல் வட்டியில்லாக் கடன் திட்டமொன்று தொடங்கப்பட்டது. பட்டப்படிப்புக் கட்டணத்திற்கு 8 இலட்சம் ரூபா வரை பெறலாமென அன்று விதிக்கப்பட்டது. வட்டி அரசாங்கத்தின் பொறுப்பு. நல்ல ஏற்பாடே. எனினும் முதல் மாணவனுடையதன்றோ? படிப்பு முடிந்தபின் தவணை வந்துவிடும்; உத்தியோகமோ வந்தபாடில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின்னர், உத்தியோகம் பெற்றோரிலும் பலர்க்குச் சம்பளம் அரிசிக்கும் பஸ் கட்டணத்திற்குமே போதாதாயிற்று.

வங்கிக் கடிதத்தைப் பிரிக்காமலே பெட்டியில் வைக்கும் இளைஞரை நாம் அறிவோம். நாணம் அவர்களைத் தடுக்கின்றது. தவணை தவறுமுன் வங்கிக்குச் சென்று பேசின், அதனை மாற்றியமைக்கப் பல வேளைகளில் இடமுண்டு. தவறியபின் பிணைநின்ற தந்தையையன்றோ கேட்பர்!

நுழைவாயில் வளைவுக்குப் பணம் சேர்க்கும் நாம் (வளைவு அழகியதுதான்) ஜுபிலி நிதியில் ஒரு பகுதியை இவர்களின் முதலாண்டுத் தவணைக்கு வட்டியின்றி உதவ ஒதுக்குதல் வேண்டும். வங்கி முகாமையாளராயிருந்து இளைப்பாறிய நம்மவர் சிலர், சனிக்கிழமைகளிற் கல்லூரியில் அமர்ந்து கணக்குப் பார்த்துக் கொடுக்கலாம். உதவி பெற்றோர் பெயர் எந்த மலரிலும் அச்சிடப்படலாகாது.