மூன்றாம் வகுப்பில் ஓர் அரும்பு

2022-ஆம் வருஷம் நடந்தது இது. எதிர் வீட்டு அம்மாள் ஒரு நாள் மாலை கண்கலங்க வந்து நின்றாள். "பையன் மூன்றாம் வகுப்பு. அவனை 'அரும்பு' என்று எழுதிவிட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பாடம் சொல்லித் தருகிறார்களாம். நாலு பேருக்குத் தெரிந்தால் வெட்கக்கேடு இல்லையா?" என்றாள்.

வெட்கம் யாருக்கு அம்மா? 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. அந்தப் பையன் ஒன்றாம் வகுப்பறையைக் கண்ணால் பார்த்ததே இல்லை! ஏணியின் முதல் படியை எடுத்துவிட்டு, "மூன்றாவது படியில் ஏறடா" என்றால் குழந்தை என்ன செய்யும்?

இதற்காகத்தான் 2022 ஜூனில் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் எந்தக் குழந்தையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது குறிக்கோள். அது எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் புறப்படும் இடம் ஒன்றல்லவே! ஆகவே, ஆசிரியை கைபேசிச் செயலியில் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே சோதித்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை கண்டு, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி தந்தார். பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் எல்லாருக்கும் பொது.

செயலி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? காய்ச்சல் எவ்வளவு என்று தெர்மாமீட்டர் சொல்லும். கஞ்சி காய்ச்சித் தராது! விவரங்களைப் பதிவு செய்வதிலேயே பாட நேரம் கரைகிறது என்று ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். அதிலும் நியாயம் உண்டு.

வீட்டில் நம் பங்கு என்ன? பாடப் புத்தகத்தில் கட்டம் கட்டமாகக் கறுப்பு முத்திரை ஒன்று இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? விரைவுக் குறியீடு என்று அதற்குப் பெயர். 2018-ல் வந்த புதிய புத்தகங்களிலிருந்து அது இருக்கிறது. கைபேசியைக் காட்டினால் பாடம் படமாக ஓடும். வீட்டில் இருப்பது ஒரே கைபேசி, அதுவும் அவர் வேலைக்குக் கொண்டு போய்விடுகிறார் என்கிறீர்களா? ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அரை மணி போதும். ஆனால் கைபேசியைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். நடுவில் நிறுத்தி, "இந்த வரியை நீ படி, கேட்கலாம்" என்று சொல்லுங்கள். ஆசிரியையைப் பார்க்கும்போது, "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்குப் பதில், "எந்த எழுத்தில் தடுமாறுகிறான்?" என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள்.

எதிர் வீட்டு அம்மாள் அப்படித்தான் செய்தாள். கோடை விடுமுறைக்கு முன் ஒரு நாள் ஓடி வந்தாள். கடைத்தெருவில் பையன் நின்று, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, "நியாய விலைக் கடை" என்று தானாகவே படித்தானாம்.

மொட்டா மலரா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.