உடைந்த போல்டுக்கு அன்டூ கிடையாது

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக் கொள்வது கன்ட்ரோல் + இசட். தப்பாக அழித்த வரி அப்படியே திரும்பி வந்து நிற்கும். அடுத்துக் கற்றுக் கொள்வது, எந்தச் சந்தேகத்தையும் இன்டர்நெட்டில் தேடிப் பார்க்கலாம் என்பது. இந்த இரண்டு பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டு, கையில் ஸ்பேனருடன் காரின் பானட்டைத் திறப்பவர்கள் எங்கள் மேல்மலையனூர் பக்கம்கூட அதிகமாகி விட்டார்கள். நல்லதுதான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் இன்ஜினுக்குள் உடைந்து மாட்டிக்கொண்ட போல்ட் விஷயத்தில் மட்டும் என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. டிரில் எடுப்பதற்கு முன்பு வரை உள்ள எல்லாவற்றையும் வீட்டில் செய்யுங்கள். டிரில்லை லேத் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு சென்னையில் சாஃப்ட்வேர் எழுதிக் கொண்டிருப்பவன். கல்லூரி வொர்க்‌ஷாப்பில் ஒரு செமஸ்டர் அரம் பிடித்ததோடு சரி. இவன் என்ன சொல்வது என்று நினைக்காதீர்கள். சித்தப்பாவின் பழைய கார்தான் எனக்கு வாத்தியார்.

அந்தக் காரில் தெர்மோஸ்டாட் மூடியைப் பிடித்திருக்கும் 6 மி.மீ. போல்ட் இரண்டும், கழற்றும்போது ஒன்றன் பின் ஒன்றாக உடைந்தன. அன்று அமாவாசை. அங்காளம்மன் கோயிலின் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் வண்டிகளில் ஊரே அடைத்துக் கொண்டிருக்கும் நாள். எந்த மெக்கானிக்கும் வரமாட்டார். சித்தப்பா போனை நீட்டினார். "இதோ பாருடா, பத்து நிமிஷ வேலைதான்னு காட்டுறான். நடுவுல ஓட்டை போட்டு, இதை உள்ள விட்டுத் திருகினா வந்துடுதாம்." "அதுல இன்ஜின் மேஜை மேல இருக்கு சித்தப்பா. நம்மளுது காருக்குள்ள இருக்கு" என்றேன். இதில் பாதி விஷயம் அடங்கிவிட்டது.

மீதிப் பாதி உலோகம். போல்ட் எஃகு. அது மாட்டியிருக்கும் இடம் பெரும்பாலான கார்களில் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் அரிப்பு தொடங்கி, வெள்ளைப் பொடியாக மரையை அடைத்துவிடும். கூலன்ட் ஓடும் இடங்களில் போல்ட் அதிகம் உடைவதற்கு இதுதான் காரணம். இப்போது அதன் நடுவே ஓட்டை போடப் போகிறீர்கள். 6 மி.மீ. போல்டில் மரையைக் கழித்தால் நடுத்தண்டு சுமார் 5 மி.மீ.தான் இருக்கும். 4 மி.மீ. டிரில் போட்டால் பக்கத்துக்கு அரை மி.மீ.தான் இடைவெளி. உடைந்த முகமோ மேடு பள்ளமாக இருக்கும். டிரில் முனை எப்போதும் மெத்தென்ற பக்கமே வழுக்கும். மெத்தென்றது எது? அலுமினியம். அதாவது நாம் காப்பாற்ற வேண்டிய பொருளையே அது முதலில் தின்னும். பானட்டுக்குள் குனிந்து, ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் டிரில்லுமாக அரை மி.மீ. பிசகாமல் பிடிக்க என்னால் முடியாது. உங்களால் முடியும் என்றால் நீங்கள் ஏற்கெனவே பட்டறை வைத்திருப்பீர்கள்.

அடுத்தது அந்த 'ஈஸி அவுட்'. பெயரிலேயே ஈஸி இருப்பதால் எல்லோரும் வாங்கி விடுகிறார்கள். இடப்பக்கம் சுழலும் மரை கொண்ட, மிகக் கடினமாக்கப்பட்ட குச்சி அது. கடினமானது என்றாலே எளிதில் ஒடியும் என்று அர்த்தம். முழு போல்டையே உடைத்த துருப்பிடியை, அதற்குள் நுழையும் அதைவிட மெல்லிய குச்சி திருகிவிடுமா? பல நேரம் திருகாது, உள்ளேயே ஒடியும். ஒடிந்தால் சாதாரண டிரில் அதன்மேல் ஏறாது. கார்பைடு முனை வேண்டும், அல்லது ஸ்பார்க் எரோஷன் என்னும் மின்பொறி அரிப்பு இயந்திரம் வேண்டும். செஞ்சியில் முடிந்திருக்க வேண்டிய வேலை சென்னைக்குப் போகும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைல் திறக்கவில்லை என்பதற்காக டிஸ்க்கையே ஃபார்மேட் செய்வது போன்றது இது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? நிறையவே செய்யலாம். பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. போல்டின் தலை உடைந்த அந்த நிமிடமே, அதை இழுத்துப் பிடித்திருந்த விறைப்பு போய்விடுகிறது. அது பிடித்திருந்த மூடியைக் கழற்றி எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் உங்கள் சொத்து. அதை இடுக்கியால் வெடுக்கென்று முறுக்கி ஒடித்து விடாதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாளும் விடுங்கள். சிறிய சுத்தியலால் துண்டின் தலையில் மெல்லத் தட்டினால் எண்ணெய் இறங்க வழி கிடைக்கும். பிறகு வைஸ் கிரிப்பில் இறுகப் பிடித்து, முதலில் முடுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு, பிறகு கழற்றும் பக்கம் ஒரு நூல் அளவு. இப்படி முன்னும் பின்னுமாக. அசைவு தெரிந்துவிட்டால் பாதி வெற்றி.

சூடு நல்ல உதவி. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே போல்டைச் சுற்றியுள்ள பகுதியைச் சூடாக்கினால் பிடி தளரும். மொபைல் சர்வீஸ் கடைகளில் இருக்கும் ஹாட் ஏர் கன் போதும். எண்ணெயைத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். பெட்ரோல் குழாய் பக்கத்தில் தீச்சுவாலை வேண்டவே வேண்டாம். (லேப்டாப்பில் உடைந்த திருகாணிக்கு இந்த வைத்தியம் பார்த்து விடாதீர்கள். அங்கே திருகாணி இறங்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளைக் குழலில். சூடு பட்டால் குழலே கழன்று வரும்!)

பொறுமைக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. ஃபோர்டு நிறுவனத்தின் 5.4 லிட்டர் டிரைட்டன் வி-8 இன்ஜின் 2004-இல் புதிய வடிவில் வந்தபோது, ஸ்பார்க் பிளக்குகள் இரண்டு துண்டாகச் செய்யப்பட்டிருந்தன. கீழ்ப்பகுதியில் கார்பன் படிந்து, கழற்றும்போது ஒடிந்து சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. அதற்கு அந்த நிறுவனம் மெக்கானிக்குகளுக்குச் சொன்ன முறை என்ன தெரியுமா? இன்ஜினை ஆறவிட்டு, பிளக்கைத் துளியூண்டு மட்டும் தளர்த்தி, கார்பன் கரைக்கும் திரவத்தை ஊற்றிக் காத்திரு என்பதுதான். பயிற்சி பெற்றவர்களுக்கே அதுதான் பாடம்.

"வீட்டிலேயே டிரில் போட்டு எடுத்தவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. வார்ப்பிரும்பு பிளாக், பெரிய போல்ட், நேராக எதிரே நின்று பிடிக்க வசதி, இடப்பக்கம் சுழலும் டிரில் என்று எல்லாம் அமைந்தால் நானே தடுக்கமாட்டேன். பழைய டிராக்டர்களில் அப்படி அமையும். இன்றைய சிறிய கார்களில் அபூர்வம்.

இன்டர்நெட்டில் தேடுவதையும் கொஞ்சம் மாற்றிச் செய்யலாம். 'உடைந்த போல்ட் எடுப்பது எப்படி' என்று மட்டும் தேடினால் வெற்றிக் கதைகள்தான் வரும், தோற்றவர் வீடியோ போடமாட்டார். 'உள்ளே ஒடிந்த எக்ஸ்ட்ராக்டர்' என்றும் தேடிப் பாருங்கள். அதோடு உங்கள் காரின் மாடல் பெயர், வருடம், 'டார்க்' என்ற சொல் ஆகியவற்றைச் சேர்த்துத் தேடி, சர்வீஸ் மேனுவலின் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். 6 மி.மீ. போல்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். 12 செ.மீ. ஸ்பேனரின் முனையில் எட்டு கிலோ சொச்சம் எடையைத் தொங்கவிட்டது போல! நாம் சாதாரணமாகவே அதைவிட அதிகம் அழுத்துகிறோம். மரையில் எண்ணெய் இருந்தால், அதே அளவில்கூட போல்ட் அதிகமாக இழுபடும்.

சித்தப்பாவின் கார் என்ன ஆயிற்று? ஒரு போல்ட் மூன்றாம் நாள் காலையில் சாதுவாக வந்துவிட்டது. மற்றது முகத்தோடு முகமாக ஒடிந்திருந்ததால் பிடிக்க இடமே இல்லை. அந்த மூடி உட்கார்ந்திருந்த இன்டேக் மேனிஃபோல்டை இருவருமாகக் கழற்றினோம். ஒவ்வொரு ஹோஸ் பைப்பையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக் கொண்டேன். மேனிஃபோல்டை பஸ்ஸில் செஞ்சிக்கு எடுத்துப் போனோம். லேத்காரர் அதை டிரில்லிங் மெஷினில் இறுக்கி, முகத்தை முதலில் சமமாக்கி, சென்டர் பஞ்ச் அடித்து, நேர் நடுவில் துளைத்தார். தோல் மாதிரி மிஞ்சிய பழைய போல்டைச் சுரண்டி எடுத்துவிட்டு டேப் ஓட்டினார். டீ ஆறுவதற்குள் முடிந்தது. கெட்டுப் போயிருந்தால் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் போட்டுப் புது மரை தருவதாகவும் சொன்னார். கூலி நானூறு ரூபாய். மேனிஃபோல்ட் புதிதாக வாங்கியிருந்தால் சித்தப்பா என்னோடு ஒரு மாதம் பேசியிருக்கமாட்டார்.

வீட்டில் வந்து செய்கிறேன் என்று யாராவது வெல்டிங் மெஷினோடு வந்தால் ஒன்று கேளுங்கள். நீட்டியிருக்கும் துண்டின்மேல் நட்டு வைத்து வெல்டிங் செய்து திருகுவது நல்ல முறைதான். ஆனால் இன்றைய கார் இன்ஜினையும் ஒரு கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது. இசியு என்பார்கள். வெல்டிங் கரண்ட் வழி தவறிப் பாய்ந்தால் அது போய்விடும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். எர்த் கிளாம்ப்பை பம்பரில் மாட்டாமல் போல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.