வண்டிக்குக் கிலோமீட்டர் மிச்சம், கிழவருக்கு?

தாயுமானவர் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருவதென்று 2025 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கியது. நல்ல காரியம். என் சண்டையெல்லாம், "வண்டிக்குக் குறுக்கு வழியைக் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்துவிடும்" என்கிற கெட்டிக்காரர்களோடுதான்.

இந்தக் கணக்கு புதிதல்ல. 1959-இல் டான்சிக், ராம்சர் என்ற இருவர் பெட்ரோல் லாரிகளுக்காகப் போட்டது. ஒரு கிடங்கு, பல பங்க்குகள், மொத்த தூரம் குறைய வேண்டும். சரி. பங்க்கின் தொட்டி திண்ணையில் உட்கார்ந்து வழி பார்க்காது. அது கைரேகையும் வைக்க வேண்டாம். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரித் தேய்ந்த விரல் கருவியில் முதல் தடவையே பதியுமா? நாலு வீட்டில் பத்துப் பத்து நிமிடம் போனால் கடைசி வீட்டுக்கு வண்டி வர மதியமாகிவிடும். பின்னால் வந்தவர்கள் இன்ன வீட்டுக்கு இத்தனை மணிக்குள் என்று நேரத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். நாம் கேட்டால்தானே கருவி அதைப் பார்க்கும்?

புதுச்சேரியில் பிரெஞ்சு வகுப்பில் தபால்காரரின் சுற்றை 'தூர்னே' என்று படித்தோம். தபால்காரருக்குத் தெரு மட்டுமல்ல, ஆளும் தெரியும். இங்கே இரும்பையில் எந்தச் சந்து மழைக்குச் சேறாகும், எந்தப் பாட்டிக்குக் காது கேட்காது என்பதெல்லாம் ரேஷன் கடை விற்பனையாளருக்குத் தெரியும். அவரைக் கேட்டுப் பாதை போடுங்கள். வரும் வேளையை முதல் நாளே வீட்டில் சொல்லுங்கள். டீசல் இரண்டு லிட்டர் கூடப் போனால் போகட்டும்.