மூணு பேட்டரி, ஒரு காயில், காதில் பூ

போன வாரம் ஈக்காட்டுத்தாங்கல் அறைக்கு நண்பன் ஒரு பெட்டியோடு வந்தான். கடைசி வருஷ பிராஜெக்டாம். உள்ளே மூன்று 12 வோல்ட் பேட்டரி, சின்ன மோட்டார், ஒரு காயில், சில டயோடுகள். விலை 18,000 ரூபாய். "தம்பி, இது ஃப்ரீ எனர்ஜி. மோட்டார் ஓட ஓட பேட்டரி ஏறும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஓடவிட்டோம். மூன்றாவது பேட்டரி நிஜமாகவே ஏறியது. அதுதான் கடுப்பே!

அமெரிக்காவின் ஜான் பெடினி 1980களில் கிளப்பிவிட்ட காயில் வித்தைகளின் வாரிசு இது. இரண்டு பேட்டரியை வரிசையாகச் சேர்த்து 24 வோல்ட். எதிரே மூன்றாவது பேட்டரி, பிளஸ்ஸுக்கு பிளஸ். நடுவில் மோட்டார். ஒரு ஆம்பியர், ஒரு மணி நேரம் என்று வையுங்கள். முதல் இரண்டும் இழந்தது 24 வாட்-மணி. மூன்றாவதுக்குப் போனது 12. மோட்டார் தின்றது 12. அதே மோட்டாரை ஒற்றை பேட்டரியில் ஓட்டினாலும் அதே 12தான்! பேட்டரிகளை எப்படி மாற்றி மாற்றிப் போட்டாலும் இது மாறாது. கூடவே சார்ஜ் ஏற்றும்போது சூடாகிப் போகிற நஷ்டம் வேறு.

"காயிலை மறந்துட்டியே" என்பார்கள். மறக்கவில்லை. காயிலில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் நூற்றுக்கணக்கான வோல்ட் எகிறும், உண்மை. பல பெட்ரோல் பைக்குகளில் ஸ்பார்க் வருவதே இந்தக் குணத்தால்தான். ஆனால் வோல்ட் வேறு, ஆற்றல் வேறு சாமி. 20 மில்லி ஹென்றி காயிலில் 2 ஆம்பியர் ஓடினால் உள்ளே இருப்பது 0.04 ஜூல். விநாடிக்கு நூறு முறை பிடித்தாலும் 4 வாட். ஒரு துளி சிந்தாமல் பிடித்தால்கூட 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி நிறைய 21 மணி நேரம். அந்த 4 வாட்டும் முதல் பேட்டரி போட்ட காசுதான்.

மீட்டரில் 12.7 காட்டுகிறதே? சார்ஜை எடுத்த கையோடு பார்த்தால் காட்டத்தான் செய்யும். ஒரு பல்பை மாட்டி, 10.5க்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள். இந்தச் சோதனையைக் கேட்காமலே மார்க் போடுகிறார்களே, விற்றவரைவிட அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். 1996ல் மூலிகைப் பெட்ரோலுக்கு வாய் பிளந்த ஊர் இது, கொஞ்சமாவது உஷார் வேண்டாமா?

காயிலிலிருந்து ஆற்றலை மீட்பதே பொய் என்று சொல்லவில்லை. 2015 ஜூனில் திறந்த எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போய் நில்லுங்கள். ரயில் பிரேக் போடும்போது அதன் மோட்டாரே ஜெனரேட்டராகி, மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பிக்கே மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. பக்கத்தில் கிளம்பும் ரயில் அதை எடுத்துக்கொள்ளும். இத்தனைக்குப் பிறகும் மெட்ரோ கரண்ட் பில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நண்பனிடம் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டேன். போட்டதில் எவ்வளவு திரும்ப வருகிறது என்று அளந்து எழுதட்டும், அதுவே நல்ல பிராஜெக்ட். சாயங்காலம் 12 வோல்ட் பல்பு வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போகிறோம். (18,000க்கு ஏற்கெனவே ஒரு பல்பு வாங்கியாச்சு!)